மோசஸ் அண்ணையிடம் எடுத்த இரண்டாவது குப்பி

அன்புள்ள மோசஸ் அண்ணைக்கு,

உங்கள் இரத்தத்தை உங்களைக் கேட்காமலே எச்.ஐ.விக்குச் சோதித்தார்கள். முடிவை, உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், சாதாரணத் தபாலில் அனுப்பினார்கள். இதை ஊகம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

தமிழும் உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. பேச்சில் 'ஓம்', 'வாறன்', 'தம்பி', இரண்டு கெட்ட வார்த்தை, எங்களிடம் பொறுக்கிய ஒன்றிரண்டு வசனம். உகண்டாவிலிருந்து வந்து ஐந்து தமிழரோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தவருக்கு அது போதும். மிச்சத்தை எங்கள் ஆட்கள் வாசிக்கட்டும். அவர்களும் வாசிக்கத்தான் எழுதுகிறேன்.

டென்மார்க்கில் கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, சுற்றிலும் உருளைக்கிழங்கு வயலோடு நின்ற அந்தப் பழைய பண்ணை வீடு. பஸ் இல்லை. ஆறு பேரில் லைசென்ஸ் உங்களிடம் மட்டும் இருந்தது. விடிய ஐந்தரைக்கு உங்கள் சிவப்புக் காரில் எங்களை அடுக்கிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவீர்கள். சிவம் அண்ணைதான் எப்போதும் கடைசி. சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஓடி வருவார். "சிவம், வாறியோ, கிடக்கிறியோ?" என்று தமிழில் கத்துவீர்கள்.

காசநோய்ச் சோதனைக்கு ஆறு பேரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள். நெஞ்சுப் படம், பிறகு இரத்தம். எங்கள் ஐவரிடமும் ஒவ்வொரு குப்பி எடுத்தார்கள். உங்களிடம் இரண்டு. திரும்பி வரும்போது பஞ்சை அழுத்திக்கொண்டு நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "என்ர ரத்தம் நல்ல ருசிபோல. ரெண்டாந்தரமும் கேட்டவள்." நாங்கள் ஐந்து பேரும் சிரித்தோம். ஏன் இரண்டு என்று அந்த வரவேற்பறையில் வைத்து ஒருவனாவது கேட்டானா?

அந்த வீட்டில் கடிதங்களுக்கு ஒரு முறை இருந்தது, நினைவிருக்கும். டெனிஷ் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். ஜன்னல் வைத்த அரசாங்க உறை எது வந்தாலும் என் கையில் தருவார்கள். கிழித்து, குசினி மேசையில் எல்லோருக்கும் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். சிவம் அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். என் மனைவி ரதி இன்னொரு லொட்ஜில். குடும்பத்தைக் கூப்பிட நாங்கள் போட்ட மனுக்கள் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்தன. ஒருவனுக்குப் பதில் வந்தால் எல்லோருக்கும் வழி திறக்கும் என்று நம்பினோம். ஆகவே யாரின் கடிதமும் எல்லோருடைய கடிதம்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் டயர் வாங்கப் போயிருந்தீர்கள். தபால் வந்தது. பெயரைப் பார்க்காமலே கிழித்தேன். முதல் வரியில் உங்கள் பெயர் வந்தபோது நிறுத்தியிருக்கலாம். பழக்கத்தில் வாய் ஓடிவிட்டது. மூன்றாவது வரியில் நோயின் பெயரும் முடிவும் இருந்தன. டெனிஷ் தெரியாதவர்களுக்கும் அந்த மூன்று எழுத்துத் தெரியும். தொலைக்காட்சி அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

நீங்கள் வருவதற்குள் உறையைத் திரும்ப ஒட்டினேன். பசை காயவில்லை. வாங்கிப் பார்த்து, ஓரத்தில் பெருவிரலைத் தேய்த்தீர்கள். பிறகு என்னிடமே நீட்டினீர்கள். "வாசி தம்பி."

முதல் தடவை வாசிக்கிறவன்போல இரண்டாம் தடவை வாசித்தேன்.

அண்ணை, அந்தப் பசை ஈரம் உங்களுக்கு விளங்கியதா?

அன்று பின்னேரம் நீங்கள் அறைக்குள் இருந்தபோது சிவம் அண்ணை கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். "எங்கட மனுப் பாரங்களிலயும் இந்த வீட்டு விலாசம்தான் கிடக்கு. நாளைக்கு மினிஸ்ட்ரியில ஒருத்தன் ரெண்டையும் சேர்த்து வைச்சுப் பார்த்தானெண்டா? நோய் வீட்டுக்குப் பெண்டுகளை விடுவானோ?"

"ஆஸ்பத்திரிக் காயிதம் மினிஸ்ட்ரிக்குப் போகுமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"போகாதெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. உங்களுக்கு எங்கே, எப்படித் தொற்றியது என்று அந்த வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். உங்களுக்கு என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் உங்கள் நீலக் கோப்பையின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. நீங்கள் அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தீர்கள். "எனக்குத் தனிக் கோப்பையோ? நான் என்ன உங்கட ராசாவோ?" நான் "ஓம்" என்றேன். டேப் சுற்றியவன் நான்தான். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் என் அப்பாவுக்கு வேலியில் ஒரு தகரப் பேணி கொழுவியிருந்தது. மற்றவர்கள் கிளாசில் குடித்தார்கள். நாங்கள் எந்தச் சாதி என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. தனிப் பேணி என்றால் என்ன என்று அங்கே உடம்பால் தெரிந்தவன் நான் ஒருவன். அப்படியும் சுற்றினேன்.

பிறகு உங்கள் காரில் யாரும் ஏறவில்லை. எட்டுக் கிலோமீட்டர், எதிர்காற்று, மழை. பழைய சைக்கிள்களில் போனோம். சிவம் அண்ணை வாய்க்காலுக்குள் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அப்படியிருந்தும் ஐந்தரைக்கு நீங்கள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருப்பீர்கள். இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பீர்கள். ஒருநாள் எனக்குப் பக்கத்தில் மெல்ல ஓட்டிவந்து கண்ணாடியை இறக்கினீர்கள்.

"தம்பி, வாறியோ?"

"இல்லை அண்ணை, சைக்கிள் உடம்புக்கு நல்லது."

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனீர்கள். ஒரு மாதம் கழித்து, வேறு இடம் பார்க்கச் சொல்லி சிவம் அண்ணை கேட்டபோது, "எத்தனை மணிக்குப் போகவேணும்?" என்று மட்டும் கேட்டீர்களாம். நான் அந்த நேரம் தொழிற்சாலையில் இருந்தேன். வேண்டுமென்றே ஓவர்டைம் எடுத்திருந்தேன்.

நீங்கள் மாறிப்போன பிரெடெரிசியா நகரில் உங்கள் அறைக்கு ஒருமுறைதான் வந்தேன். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு கட்டியிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன்.

"போனா இன்னொரு குப்பி எடுப்பாங்கள். பிறகு காயிதம் வரும். அதை ஆர் வாசிக்கிறது? நீயோ?"

அப்போது விளங்கியது, பசை ஈரம் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று. கடைசியில் உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது நீங்கள் கதைக்கிற நிலையில் இல்லை என்றார்கள். காலம் கடந்துவிட்டது என்று டொக்டர்மார் எழுதினார்களாம். யார் கடத்தியது?

இப்போதைய செய்தி சொல்கிறேன். எங்கள் குடும்ப மனுக்களை மினிஸ்ட்ரியில் வேண்டுமென்றுதான் நிறுத்தி வைத்தார்கள். விசாரித்த நீதிபதியே எழுதிவிட்டார், அதனால் அரசாங்கமே கவிழ்ந்துவிட்டது. அதை அப்போதே சொன்ன எங்களுக்குப் பைத்தியம் என்றவர்கள் இப்போது பேப்பரில் அதை வாசிக்கிறார்கள். எங்கள் மனைவிமாரின் மனுக்களைத் திட்டம் போட்டு நிறுத்தக்கூடிய நாட்டில், கறுப்பு மனிதனிடம் மட்டும் இரண்டாவது குப்பி எடுத்தது தற்செயல் என்று நான் ஏன் நம்பவேண்டும்?

போன மாதம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எச்.ஐ.வி பற்றிக் கூட்டம் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர் எல்லோரும் சோதிக்க வரவேண்டுமாம். துண்டுப் பிரசுரம் தமிழிலும் இருந்தது. கோப்பையால் தொற்றாது, ஒரே காரில் இருந்தால் தொற்றாது என்று அச்சடித்திருந்தது. அட்டையில் ஒரு கறுப்பு மனிதனின் படம். பின்வரிசையில் இருந்த ஆபிரிக்கப் பெண் ஒருவர் எழும்பிக் கேட்டார், "எங்கட பேரைப் பொலிசுக்குக் குடுப்பீங்களோ?" கூட்டத்தை நடத்திய டொக்டர் "இல்லை" என்றார். நல்ல மனுசிபோலத்தான் இருந்தார். தமிழருக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்த்தேன். நம்பச் சொல்லி என்னால் சொல்ல முடியவில்லை. ஒருவரும் சோதிக்கப் போகவில்லை. இன்னொரு மோசஸ் எங்கேயோ ஒரு அறையில் கயிறு கட்டிய காற்சட்டையோடு இருப்பார்.

சிவம் அண்ணை இப்போது குடும்பத்தோடு டோஸ்ட்ருப்பில். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல எடுத்தபோது, "உனக்கு வேற வேலை இல்லையோ? என்ர பிள்ளையள் இஞ்ச பள்ளிக்கூடம் போகுதுகள். அதைக் கிண்டாதை" என்று போனை வைத்துவிட்டார்.

ரதி வந்துவிட்டாள். பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கும்போது ஒரு சுவெட்டர்கூட இல்லை. வந்த கிழமையே அலமாரியைத் துடைத்தவள், நீங்கள் விட்டுப்போன நீலக் கோப்பையை எடுத்து, "டேப் சுத்தியிருக்கு, ஆரின்ர?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன், என் அப்பாவின் பேணி உட்பட. அவள் டேப்பை நகத்தால் உரித்து, அந்தக் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி எனக்கு முன்னால் வைத்தாள். குடிக்கும்வரை நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் உங்கள் நோய்ப் பதிவுக் கோவையைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் உறவினர் மட்டுமே கேட்கலாம் என்று ஒரு படிவம் தந்தார். உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், உங்கள் நாட்டின் பெயரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அறிவிப்போம்" என்றார். மூன்று கடிதம் போட்டுவிட்டேன். ஜன்னல் வைத்த உறை எதுவும் வரவில்லை.

நான்காவதைத் திங்கட்கிழமை போடுவேன். பிறகு ஐந்தாவது. இந்த வீட்டுக்கு இனி யார் கடிதம் வந்தாலும் பெயரைப் பார்த்துத்தான் தொடுவேன். உங்கள் பெயரில் வந்தால், பிரெடெரிசியாவுக்குக் கொண்டுவந்து உங்கள் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துக் கிழிப்பேன். அங்கே வேறு யாரும் கேட்கமாட்டார்கள்.

நான்கு கடிதத்திலும் ஒரே கேள்விதான். அந்த அறையில் ஆறு பேர் கையை நீட்டினோம். இரண்டாவது குப்பியை அவரிடம் மட்டும் எடுக்கச் சொன்னது யார்? பெயரை எழுதி அனுப்புங்கள்.

உங்கள் தம்பி,
குகன்