குதிரை வேண்டாம், பேய் போதும்

அன்புள்ள புருலாய்க்கு,

நீயும் மகளும் நலமா? குதிரைக்குட்டி எழுந்து நிற்கிறதா? நான் நலம், கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இங்கே மாஸ்கோவில் போலீஸ் சோதனை அதிகமாம். சனி, ஞாயிறு மேஸ்திரி, வேலைக்கு வந்த எங்கள் எட்டுப் பேரையும் அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். போன்களும் அவரிடம்தான் பத்திரமாக இருக்கின்றன. பொழுதுபோகட்டும் என்று பழைய படங்கள் உள்ள ஒரு கம்ப்யூட்டரைத் தந்தார். முதலில் சாகசப் படம் ஒன்றைப் போட்டோம். நம் ஊரைப் போலவே மலை, புல்வெளி, குதிரைகள். பத்தே நிமிடத்தில், எங்களில் மூத்தவரான தோலோகோன் அண்ணன் கத்தினார்: "நிறுத்துடா! குதிரையைப் பார்த்தா நெஞ்சு அடைக்குது. பேயைப் போடு, பேய்க்காக எவனும் அழமாட்டான்."

பேய்ப் படத்துக்கு நன்றாகவே சிரித்தோம். பாழடைந்த வீட்டில் சிக்கியவர்கள் கதவை இடித்தார்கள். அது வெளியே பூட்டியிருந்தது. அப்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. தோலோகோன் அண்ணன் எழுந்துபோய் எங்கள் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. அப்புறம், வீட்டுப் பெட்டியில் என் பாஸ்போர்ட் நகல் இருக்கிறது. அசல் என் கையில் இல்லை. நகலையும் இந்த உறைமேல் உள்ள என் விலாசத்தையும் போலீஸில் இருக்கும் உன் அண்ணனிடம் கொடு. இன்றே போ, புருலாய். நாளைக்கு என்று வைக்காதே.

ஜன்னல் வழியே ரொட்டி தரும் அம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சாவிச் சத்தம் கேட்கிறது. மகள் கேட்டால், அப்பா படம் பார்க்கிறார் என்று சொல்.

உன் கெஞ்சேபெக்