நீ பார்க்காத கற்பூரம்

அம்மா,

இன்று திருநாவலூர் கோயிலில் குருக்கள் கற்பூரத் தட்டைக் காட்டியதும் என் தலை தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. உன் பழக்கம்தான். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நேரத்தில் நீ மட்டும் தூணைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். உனக்கும் சாமிக்கும் ஏதோ சண்டை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

சண்டை இல்லை, பயம். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. நான் உன் வயிற்றில் ஏழு மாதம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நீ திரும்பும்போது, புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால் பஸ் பாதியிலேயே நின்றுவிட்டது. கச்சிராயபாளையம் வரை நடந்தே வந்தாய். வழியில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் உன் தம்பி நிற்கிறாரா என்று தேடித் தேடி அந்த நெருப்புக்கு எதிரிலேயே நின்றாய். என் மாமா, அந்த மகராசன், அப்போது வீட்டில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருந்தாராம்.

நான் பிறந்தேன். வெளிச்சத்துக்குத் தக்கபடி சுருங்கி விரிகிற திரை என் கண்ணில் இல்லை. கருவிழி முழுக்க ஒரே கறுப்பு. வெயிலில் தூக்கினால் வீறிட்டு அழுவேனாம். “மாசமா இருக்கறவ நெருப்ப அப்படியா பாத்துக்கினு நிப்பா? அதான் புள்ள கண்ணு வெந்துபோச்சி” என்று அத்தை ஒரு வார்த்தை விட்டாள். நாக்கா அது! அவள் அன்றைக்கே மறந்திருப்பாள். நீ சாகும்வரை மறக்கவில்லை.

வெள்ளிமலைக்கு ஜீப்பில் போனால் வெயில் படும் பக்கம் நீ உட்கார்ந்துகொண்டு முந்தானையை என் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டே வருவாய். நெருப்பைப் பார்த்தால் அப்படி ஆகாதும்மா என்று எத்தனையோ முறை சொன்னேன். “உனுக்கு இன்னா தெரியும்? நான்தான பாத்துக்கினு நின்னேன்” என்று என் வாயை அடைத்துவிடுவாய்.

நீ போன மறுவருஷம் எனக்குப் பையன் பிறந்தான். அவனுக்கும் இதே கண். நான் எந்த நெருப்பையும் பார்க்கலியே, யம்மா.

சென்னையில் டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கரு வளரும்போது கண்ணை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைக்க ஒரு ஜீன் இருக்கிறதாம். மற்ற ஜீன்களை வேலைவாங்குகிற மேஸ்திரி மாதிரி. எங்களுக்கு அதில்தான் பழுது. பழ ஈயிலும் அதே ஜீன் உண்டு, அங்கே அதற்கு ‘ஐலெஸ்’, கண்ணில்லாதது என்று பெயர் என்றார். கண்ணை உண்டாக்குகிறதுக்குப் போய் இப்படி ஒரு பெயரா என்று கேட்டேன். அது கெட்டுப்போய்க் கண் இல்லாமல் பிறந்த ஈயைப் பார்த்துத்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரிந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் எனக்கும் கூசக்கண்ணி என்றுதானே பேர்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். எனக்கு அது எப்போது கெட்டது?

“கரு உண்டானப்பவே. உங்கம்மாவுக்கு நாள் தள்ளிப்போறதுக்கும் முன்னாடி. அதுக்கப்புறம் அவங்க எதைப் பாத்திருந்தாலும் இதுக்குக் காரணம் ஆகாது.”

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அழுதேன். பிள்ளையை நினைத்து அழுகிறேன் என்று அந்த அம்மா என்னென்னவோ ஆறுதல் சொன்னார். நான் உன்னை நினைத்து அழுதேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிய என் பிள்ளைக்கு இந்தக் கண் வரவேண்டியிருந்தது. அதுவும் நீ போன பிறகு.

இன்று கோயிலில் தலையைத் திருப்பிக்கொண்டேன் என்றேனே, பக்கத்தில் நின்ற பையனும் என்னைப் பார்த்துவிட்டு அதே தூணின் பக்கம் திரும்பினான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “சாமி, இன்னொரு தடவ காட்டுங்க” என்றேன். குருக்கள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புதுக் கற்பூரம் ஏற்றினார்.

கூசியது. கண்ணிலிருந்து தண்ணீராக வழிந்தது. பையன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பார்க்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து, அது அணைகிறவரை பார்த்தேன் அம்மா.