தோட்டத்து வீட்டுக்கு இரண்டு பேர்

அன்பு மாப்பிள்ளை சூசை,

இதை நீ என் பத்திரிகையில்தான் படிக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். உன் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். போட்டிக்காரன் எழுதியதை எந்த ஆசிரியர் போடுவார்? நீ இருந்தபோதும் என் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. தந்தி ஆபீஸுக்கு எதிர் டீக்கடையில் பிரித்து, முதல் பக்கத்தைத் தாண்டி, நேராகச் சேலம் செய்திகளுக்குப் போவாய். நான் எதைக் கோட்டை விட்டேன் என்று பார்க்கத்தான். இப்போதும் நேராக இங்கேயே வா.

படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சூசையும் நானும் சேலத்தில் நெடுங்காலம் இரண்டு பத்திரிகைகளின் நிருபர்களாக இருந்தவர்கள். அவன் மனைவி மேரி என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அவன் எனக்கு மாப்பிள்ளை, நான் அவனுக்கு மச்சான். அவன் மாதாகோயிலுக்குப் போகிறவன், நான் இளம்பிள்ளை என்கிற ஊரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். அது எங்களுக்கு நடுவில் வந்ததில்லை. நடுவில் வந்ததெல்லாம் செய்திதான்.

ஊர் நிலவரம் கேள். உன் இடத்துக்குப் புது ஆளைப் போட்டிருக்கிறார்கள். ஸ்கூட்டர் வைத்திருக்கிறார். போலீஸ் ஸ்டேஷனுக்கு நடப்பதில்லை, போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறார். டீக்கடைக்கு வருவதில்லை. நான் ஒரு செய்தியை முந்திப் போட்டால் அவருக்குக் கோபமும் வருவதில்லை. அப்புறம் முந்தி என்ன பிரயோஜனம், நீயே சொல்.

மேரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கும் தெருவைத் தவிர அவள் எங்கும் போகவில்லை. திருச்சியிலிருந்து உன் மகன் வந்து கூப்பிட்டான், போகவில்லை. என் வீட்டுக்காரி சரசு போய் உட்கார்ந்தால் காப்பி கொடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். ஆள் பாதியாகிவிட்டாள். இவளை இப்படியே விட்டால் நமக்கு மிஞ்ச மாட்டாள் என்று சரசு ஒரு நாள் அழுதாள். ரெண்டு நாள் எங்கேயாவது கூட்டிப்போக வேண்டும் என்றாள். எங்கே என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. அந்தத் தோட்டத்து வீட்டுக்குத்தான்.

அந்த இடம் நமக்கு எப்படிக் கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதா? சங்ககிரியில் ஒரு வேலையை முடித்துத் திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் பஸ் நின்றுபோயிற்று. தண்ணீர் கேட்டு ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தோம். வேலியோரம் ஒரு பலகை: ‘அறை கிடைக்கும். சாப்பாடு உண்டு.’ சுற்றிலும் கடலைக்காடு, நாலைந்து பனை, தூரத்தில் சங்ககிரி மலைக்கோட்டை. இங்கே யார் வந்து அறை கேட்பார்கள் என்று உனக்குச் சிரிப்பு. கேட்டும்விட்டாய்.

தோட்டக்காரர் பழனியப்பன் கதையைச் சொன்னார். சினிமாக்காரர்கள் கிணற்றையும் பனையையும் படம் பிடிக்க வந்து, மாட்டுக்கொட்டகையை ஒட்டிய இரண்டு அறைகளில் கொஞ்ச நாள் தங்கினார்களாம். இப்படி ஓர் இடத்துக்குப் பட்டணத்து ஆட்கள் வாடகை கொடுத்து வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இவர் அதை நம்பிச் சுண்ணாம்பு அடித்துப் பலகை மாட்டிவிட்டார். மாட்டோடு படுக்க வாடகை எவ்வளவுங்க என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேலி பேசினார்கள். ஆனாலும் ஆள் வந்தது. லாரி முதலாளிகள் குடும்பத்தோடு வந்தார்கள். சேலத்து டாக்டர் ஒருவர் வந்தார். கயிற்றுக்கட்டில், கோழிக்குழம்பு, அரிசியும் பருப்பும் போட்ட சாதம், பம்புசெட்டுத் தொட்டியில் குளியல். வேறொன்றும் கிடையாது.

தொட்டியில் தண்ணீர் விழுவதைப் பார்த்ததும் நீ சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாய். இங்கே ரெண்டு நாள் தங்கியே ஆகணும் மச்சான் என்றாய். அப்போதுதான் பழனியப்பனின் மனைவி பாவாயியம்மா மோர்ச் சொம்போடு வந்து குறுக்கே நின்றார்.

“பொம்பளைங்க இல்லாம வார ஆம்பளைங்களுக்கு ஊடு இல்லீங்க, சாமி.”

மதுவிலக்கு இருக்கிற ஊரில், ஒதுக்குப்புறமாக அறை தேடி வரும் ஆண்பிள்ளைகள் எதற்கு வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாதா? நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்று நீ சொன்னாய். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று அவர் சொன்னார். அப்படித்தான் நம் திட்டம் நாலு பேருக்கானதாக ஆயிற்று.

அதில் எத்தனை சிக்கல்! நீ மட்டும் போனால் ஊரில் இருக்கும் நான் முந்திவிடுவேன். நான் மட்டும் போனால் நீ. ஆகவே போனால் சேர்ந்துதான் போக வேண்டும். அடுத்தது கோழி. வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கறி ஆகாது, சரசுவுக்கும் ஆகாது. சனிக்கிழமை சரசுவுக்குப் பெருமாள். ஞாயிறு மேரிக்குப் பூசை. திங்கள் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து கோழி தின்னக்கூடிய நாளைக் கண்டுபிடிக்க நாம் செலவழித்த டீயை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கடைசியில் செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. அன்று கிருத்திகை என்று சரசு சொன்னாள். அதற்கடுத்த செவ்வாய் என்றோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டோமே, மாப்ளே. மூட்டை முடிச்சோடு நாலு பேரும் நிற்கிறோம். ஏற்காட்டு மலைப்பாதையில், கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் கொஞ்சம் மேலே, ஆரஞ்சு ஏற்றி வந்த லாரி கவிழ்ந்துவிட்டது என்று ஒரு கண்டக்டர் பேசிக்கொண்டு போனார். நம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் கேட்காத மாதிரி நின்றோம். வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று நான் நழுவினேன். ஸ்டாண்டுக்கு வெளியே ஒரே ஒரு குதிரைவண்டி நின்றது. அதில் நீ உட்கார்ந்திருந்தாய். செருப்பு அறுந்துவிட்டது, தைக்கப் போகிறேன் என்றாய். கால் இரண்டிலும் செருப்பு நன்றாகவே இருந்தது. தள்ளி உட்கார் என்று சொல்லி நானும் ஏறிக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரிக்குப் போனால், டிரைவர் கையில் ஒரு கட்டோடு வாசலில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருக்கிறார். நமக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அந்த விபத்து உன் பத்திரிகையில் நாலு வரி வந்தது, என் பத்திரிகையில் ஐந்து வரி. அந்த ஐந்தாவது வரிக்காக நீ என்னோடு பேசாமல் இருந்தது வேறு கதை. நாம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியபோது பஸ்ஸும் இல்லை, பெண்களும் இல்லை. கட்டிவந்த புளிசாதத்தை இரண்டு பேரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தின்றுவிட்டு மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார்களாம். அதுவரைக்கும் பார்த்தால் சிரித்துக்கொள்ளும் அளவில் இருந்தவர்கள், அன்றோடு அக்கா தங்கையாகிவிட்டார்கள்.

அதன் பிறகும் திட்டம் போடுவதை நாம் விட்டோமா? ஒவ்வொரு கோடையிலும் போட்டோம். கொசுவலை எடுப்பதா, எந்த அறை யாருக்கு, காலையில் முதலில் யார் தொட்டியில் இறங்குவது என்று சண்டைகூடப் போட்டோம். பிறகு ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

மேரியிடம் பேச்சை எடுத்தபோது அவள் முடியாது என்று சொல்லவில்லை. வருஷப் பூசை முடியட்டும் என்றாள். ஓடு மாற்ற வேண்டும், ஆள் வருவார் என்றாள். அப்புறம் முழங்கால் வலி என்றாள். மூன்றையும் நான் நம்பவில்லை. ஆனால் காரணத்தை என்னால் வாங்க முடியவில்லை, சரசுதான் வாங்கினாள். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், தலை நிமிராமல் மேரி சொன்னாளாம்:

“அக்கா, அந்தத் தோட்டத்தம்மா வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்பிடும். அடுத்து என்ன கேக்கும்? வீட்டுக்காரர் வரலையான்னுதானே கேக்கும்? இங்க எல்லாருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. அங்க நான் சொல்லணும். அந்த வார்த்தைய இதுவரைக்கும் நான் வாயால சொன்னதே இல்லக்கா.”

சரசு வந்து சொன்னபோது எனக்கு இது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. போன வாரம் நான் மட்டும் பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். பலகை இன்னும் இருக்கிறது, எழுத்துதான் வெளிறிவிட்டது. பாவாயியம்மா களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து கும்பிட்டார்.

“வாங்க சாமி. ஏனுங்க, அந்தத் தொட்டியில குதிக்கப் பாத்த சிரிச்ச மூஞ்சிக்காரரு வல்லீங்களா?”

எத்தனை சாவுச் செய்தி எழுதியிருக்கிறேன் நான். காலமானார் என்ற சொல் என் பேனாவுக்குப் பழக்கம். அங்கே வெயிலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பாவாயியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்த பிறகுதான் சொன்னேன். அப்போதுதான் மேரி சொன்னதும் எனக்குப் புரிந்தது.

வந்த விஷயத்தைச் சொன்னேன். மேரி வந்தால் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அதெப்படிங்க? வாசலுக்கு வந்தவங்கள ஊட்டுக்காரரு வல்லீங்களான்னு கேக்கோணும்ங்க. கேக்கலீன்னா அவங்கள மதிக்காத மாதிரீங்க.”

மரியாதைக்குக் கேட்கிற கேள்வி அது. அதை விட்டுவிடு என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? அவர் கடலையைக் கிளறப் போய்விட்டார். ஒரு வரிசை கிளறி முடித்த பிறகு அவரே ஆரம்பித்தார்.

“கேக்கறதுக்கு வேற இல்லாமயா போச்சுங்க? பசிக்குதுங்களான்னு கேக்கறேன். தண்ணி காய வெக்கட்டுங்களான்னு கேக்கறேன். ரெண்டு நாளைக்கு அது போதுங்க. அவங்களா சொன்னா உக்காந்து கேட்டுக்கறேன். சொல்லலீன்னா சோறு போடறேன்.”

பிறகு, கொட்டகைப் பக்கம் நின்றிருந்த புருஷனைப் பார்த்தார். இவர் மறந்துபோய்க் கேட்டுவிடுவார், அவர்கள் வருகிற அன்றைக்கு இவரைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அன்னைக்கு ஏது சந்தை என்று பழனியப்பன் கேட்டார். இல்லாத சந்தைக்குத்தான் போகோணும் என்று பதில் வந்தது.

இதையெல்லாம் மேரியிடம் அப்படியே சொன்னேன், என் சொல் எதையும் சேர்க்காமல். இல்லாத சந்தையைச் சொன்னபோது அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள். காப்பியோடு திரும்பி வந்தவள், அந்தத் தொட்டியில் பெண்கள் குளிக்கலாமா அண்ணா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்து நிருபன், அதைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு மூன்று டிக்கெட் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தபோது அவள் என்னை நிறுத்தினாள்.

“நீங்க வர வேண்டாம்ணா. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வந்தா நாலு பேர்ல ஒருத்தர் இல்லன்னு இருக்கும். நானும் அக்காவும் போனா ரெண்டு பேர் போறோம், அவ்வளவுதான்.”

எனக்கு ஒரு நிமிஷம் வருத்தமாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? தொட்டி வேறு கண்ணில் நின்றது. ஆனால் அவள் சொன்னது சரி. பெண்கள் மட்டும் வரலாமா என்று அந்த வழியில் போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பிக் கேட்டேன். ‘அதுக்கெதுக்குங்க கேக்கோணும்’ என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் மேரியிடம் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். மற்றது இருக்கட்டும், அவர் படிக்கட்டும் என்றாள்.

அவள் கூடத்தில் பையை எடுத்து வைத்தாயிற்று. இரண்டு புடவை, ஜெபமாலை, பூ போட்ட ஒரு பழைய துண்டு. அங்கே அவள் பாவாயியம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொல்லுவாளா, சொல்லாமலே இரண்டு நாள் தூங்கி எழுந்து வருவாளா, எனக்குத் தெரியாது. உனக்கு என்ன தோன்றுகிறது?

நான் கேள்வி கேட்டே பிழைத்தவன், மாப்பிள்ளை. ஆனால் வியாழக்கிழமை அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நான் போய்ப் பையை வாங்கிக்கொள்வேன். பசிக்குதாம்மா என்று கேட்பேன். அங்கே என்ன நடந்தது என்று அன்றைக்கும் கேட்க மாட்டேன், என்றைக்கும் கேட்க மாட்டேன். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அதை ஒருநாளும் எழுத மாட்டேன், உனக்குக்கூட. இது உன் மேல் ஆணை.

மேரியின் அண்ணன்,
உன் மச்சான்
கந்தசாமி