பனங்கட்டி மணத்த பிரெஞ்சு வைன்

6.1.1981, செவ்வாய்

மூவிராசாக்கள் திருநாள் என்று இவர் இன்றைக்கு அந்தப் பிரெஞ்சு வைனை உடைத்தார். கண்ணாடி அலுமாரிக்குள் இவர் சேர்த்து அடுக்கியிருக்கும் வெளிநாட்டுப் போத்தல்களில் அதற்குத்தான் நடு இடம். திருகோணமலையில் கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கியதாகச் சொல்லிப் பக்கத்து வீட்டு அல்பிரட் போன கிழமை கொண்டுவந்தது. பதிலுக்கு இவர் ஒரு சாக்குப் பாரைக் கருவாட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"றீற்றா, இதெல்லோ வைன்! லேசா ஒரு புகை மணம் வருது பார். அது பிரெஞ்சுக்காரன்ர மண்ணின்ர குணம்."

எனக்கும் ஒரு மிடறு தந்தார். நாக்கில் பட்டதுமே தெரிந்துவிட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு நான் முந்திரிகை வத்தல் வைன் போட்டபோது சீனி போதாமல் பாதிக்குப் பனங்கட்டி போட்டேன். அந்த மணம்தான். அல்பிரட் வீட்டுக்கு ஒரு போத்தல் கொடுத்தனுப்பியதும் நான்தான். வீட்டு வைனை இவர் தொட்டதே இல்லை. அது பெண்டுகள் குடிக்கும் சர்பத்தாம்.

"எப்பிடி இருக்கு?" என்று சின்னப்பிள்ளை போல என் முகத்தையே பார்த்தார்.

"நல்லாயிருக்குங்கோ."

"நீயும் இப்பிடிப் போடப் பழகு."

"ஓம், பழகுறன்."

அல்பிரட்டைக் கோயிலடியில் பிடித்து நாலு கேள்வி கேட்கத்தான் நினைத்தேன். வேண்டாம், கருவாடு போனால் போகட்டும். இருபது வருடமாகத் தொடாத என் வைனில் மனுசன் மூன்று கிளாஸ் குடித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு தூங்குகிறார். பிரெஞ்சு லேபல் கிழியாமல் வெறும் போத்தலைக் கழுவி ஒளித்து வைத்துவிட்டேன். அடுத்த நத்தாருக்கு வேண்டும்.