நின்ற இடத்திலிருந்து அடித்த மணி

மச்சான்,

இன்றைக்குக் காலையில் உன் கடை வாசம் வந்தது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் வாசம். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவன் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "கடையத் தொறந்துட்டியாடா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, ரோட்டுவேலைக்காரர்கள் நம் தெருவின் புதுப் பாதையில் மஞ்சள் ரப்பர் வில்லைகள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதே பசை. நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் உன் வாசத்தை வைத்துக்கொண்டு எவனோ எனக்கு வழி போடுகிறானாம்.

நான் சொல்லச் சொல்ல சரசுதான் எழுதுகிறாள். எண்ணெய் மில்லிலிருந்து வந்த களைப்பு அவளுக்கு. "போன அண்ணனுக்கு எதுக்குங்க கடுதாசி?" என்றாள். "உசுரோட இருக்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பாத்தாச்சு, ஒருத்தனுக்கும் ஏறல. அவனுக்காச்சும் ஏறுதான்னு பாக்கலாம், எழுது" என்றேன். என் மனைவிக்கு இத்தனை வருஷத்தில் என் பிடிவாதம் பழகிவிட்டது. எழுதுகிறாள்.

நம் தெரு உனக்குத் தெரியாததா? ஆனாலும் நீ பார்த்த தெரு வேறு, நான் அறிந்த தெரு வேறு. கண்ணழுத்த நோய் இரண்டு கண்ணையும் தின்று தீர்த்த பிறகு எனக்குத் தெரு என்றால் சாக்கடை மூடிய ஸ்லாப் வரிசைதான். ஒரு கால் ஸ்லாபின் மேல், தடி ஓரக்கட்டையின் மேல். எங்கள் வாசலில் இருக்கிற ஸ்லாப் ஆடும். கோழிக்கடை முன்னால் இருப்பது மூலை உடைந்தது. மாவு மில் வந்தால் வறுத்த மல்லி வாசம், டீக்கடை வந்தால் முகத்தில் பாய்லர் சூடு. கட்டையைத் தட்டிக்கொண்டே போனால் கடைசியில் பஸ் ஸ்டாப், அங்கே என் லாட்டரி மேசை. கோயம்புத்தூர் பஸ் எல்லை தாண்டி வந்து இறக்கிவிடுகிற கூட்டத்துக்கு நடுவில் சாயங்காலம் வரை நான் ஒரு வியாபாரி. ஒருத்தர் தயவும் இல்லாமல் போய், ஒருத்தர் தயவும் இல்லாமல் திரும்புகிறவன்.

இல்லை, அது பொய். ஒரு தயவு இருந்தது. மார்க்கெட் சந்து வந்து நம் தெருவில் சேருகிற இடத்தில் ஸ்லாபும் கிடையாது, கட்டையும் கிடையாது. வெறும் வெட்டவெளி. அதைத் தாண்டினால் உன் சைக்கிள் கடை. கண் போன புதிதில் அந்த இடத்தில் திக்குத் தெரியாமல் சுற்றி நின்றேன். ஆட்டோக்காரன் ஒருத்தன் ஏக வசனத்தில் பேசிவிட்டுப் போனான். அப்போது நீ ரிப்பேருக்கு வந்த ஏதோ ஒரு சைக்கிளின் மணியை விடாமல் அடித்தாய். "மாப்ளே, சத்தத்தப் புடிச்சுட்டு வாடா!" என்று கத்தினாய். பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே ஒரு பழைய மணியைக் கழற்றிக் கடையின் கதவுநிலையில் முடுக்கிவிட்டாய். நான் சந்து முனைக்கு வந்ததும் மணி அடிக்கும். நான் வந்து உன் கதவைத் தொடுகிறவரை அடிக்கும். கையில் கிரீஸ் இருந்தாலும், வாயில் டீ இருந்தாலும் அடிக்கும். "கோயில்ல சாமிக்கு மணி அடிக்கறான், கும்புட்டா வரமாச்சும் குடுக்கும். நான் உனக்கு அடிக்கறேன், இத்தன வருசத்துல ஒரு ஆறுதல் பரிசாச்சும் விழுந்துச்சாடா?" என்று கேட்பாய். உன் நக்கலுக்கு நான் ஒரு நாளும் பதில் பாக்கி வைத்ததில்லை, அதையெல்லாம் சரசு எழுத மாட்டாள்.

ஆடி மாதம் மலைக் கணவாய்க் காற்று அடிக்கிறபோது சத்தம் எங்கெங்கோ போய்விடும். அந்த நாட்களில் நீ மணியை விட்டுவிட்டுச் சந்துக்கு நடுவிலேயே வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். நீ எனக்கு ஒரு சட்டமும் சொல்லிவைத்திருந்தாய். "மணி ஒரே எடத்துல கேட்டா நீ நட. மணி நகந்துட்டு வந்தா நீ நில்லு. அவ்வளவுதாண்டா ரோட்டு சட்டம்." அந்தச் சட்டத்தில்தான் நான் இத்தனை வருஷமும் நடந்தேன். உன் கடையிலிருந்து எந்தச் சைக்கிளும் மணியில்லாமல் வெளியே போனதில்லை. எவனாவது மணி வேண்டாம் என்றால், "அப்ப சைக்கிளும் வேண்டாம், இங்கியே கெடக்கட்டும்" என்பாய்.

தெருவை இடித்து, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஒரே பாதை போடப்போகிறார்கள் என்ற சேதி வந்தபோது நீ உயிரோடு இருந்தாய். உன் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "கடைசில சைக்கிளுக்குன்னு ஒரு எடம் வருதுடா மாப்ளே! டிப்பர் லாரிக்குப் பயந்து சாக்கடைல எறங்க வேண்டாம்" என்றாய். உனக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி இருந்தது. நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்லாப் போகும், கட்டை போகும், எல்லாம் ஒரே மட்டமாகும், அப்புறம் நான் எதைத் தட்டிக்கொண்டு நடப்பேன் என்றேன். நீ அலட்சியமாகச் சிரித்தாய். "மணி இருக்குதல்லடா. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாயே, நன்றாக!

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் சந்து முனைக்கு வந்து நின்றேன். மணி வரவில்லை. தொண்டையைச் செருமினேன். வரவில்லை. "டேய் மச்சா, இன்னும் தூக்கமா? வாடா வெளிய!" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் வந்து என் தோளைத் தொட்டார். "அண்ணா, அவரு விடியக்காலமே போயிட்டாருங்க. நெஞ்சுவலி. உங்ககிட்ட வந்து சொல்ல எங்க ஒருத்தருக்கும் வாய் வரலீங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்குச் சந்து முனையைத் தாண்டினேன். உன் கதவைத் தொட்டபோது பூட்டு தொங்கியது.

அதற்குப் பிறகு டீக்கடைக்காரரோ, மார்க்கெட்டுக்குப் போகிறவர்களோ, யாராவது என்னைச் சந்து முனை தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். சமாளித்தேன். ஒரு வெட்டவெளிதானே. பாதைவேலை தொடங்கியபோது முதலில் போனது உன் கடை. கோயம்புத்தூரிலிருந்து உன் மகன் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு, கதவுநிலையில் இருந்த மணியை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தான். "அப்பா இருந்திருந்தா உங்களுக்குத்தான் குடுத்திருப்பாருங்க மாமா" என்றான். நல்ல பிள்ளை. அடுத்த நாள் இயந்திரம் வந்து ஸ்லாப்களைப் பெயர்த்தது. ஒவ்வொன்றாகப் பெயர்க்கிற சத்தத்தைப் படியில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் வாசலில் ஆடுகிற ஸ்லாப் போன சத்தம் எனக்குத் தனியாகத் தெரிந்தது.

வேலை பாதியில் இருக்கும்போது கூட்டம் போட்டார்கள். நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய். கோழிக்கடைக்காரர் எழுந்து, "லோடு வண்டி எங்கீங்க நிக்கும்? கோழி நடந்தா வரும்?" என்றார். மாவு மில் அம்மா, "இந்த வயசுல சைக்கிளுக்கு நான் ஒதுங்கோணுமா, எனக்கு சைக்கிள் ஒதுங்கோணுமா? அத மொதல்ல சொல்லுங்க" என்றார். ஸ்கூட்டர்காரன் இதில் ஏறமாட்டான் என்பதற்கு யார் ஜாமீன் என்றார் இன்னொருவர். பாதைவேலை பார்க்கிற ஓவர்சியர் மலையாளமும் தமிழும் கலந்து எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "எல்லாரும் கொறச்சு அட்ஜஸ்ட் செய்யணும்."

நானும் எழுந்தேன். "சார், உங்க பாதைய எப்படி வேணும்னாலும் போடுங்க. ஓரத்துல ஒரு கட்டை மட்டும் விட்டுருங்க. என் தடிக்குத் தட்டுப்படற அளவுக்கு" என்றேன். கட்டை இருந்தால் சக்கர நாற்காலி ஏறாது, சைக்கிள் தட்டி விழும், எல்லாம் ஒரே லெவலில்தான் வரும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. "சேட்டா, பேடிக்கண்டா, நாங்கள் இல்லே?" என்று, பயப்படாதே என்கிற மாதிரி என் கையை அழுத்தினார். உடனே வார்டு மெம்பர் எழுந்து, "அண்ணன் நம்ம தெருவுக்குச் சொந்தம். அண்ணன் பாதையில வந்தா சைக்கிள்ல போற ஒவ்வொருத்தரும் மணி அடிக்கோணும். இதுதான் நம்ம தீர்மானம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன். நம் ஜனங்கள் அன்பானவர்கள், மச்சான். அந்த அன்புதான் என்னை நடுத்தெருவில் நிறுத்தியது.

பாதையைத் திறந்த அன்றைக்குக் காலையில் வழக்கம்போலச் சட்டை மாட்டி, டிக்கெட் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். காலுக்கடியில் ஒன்றுமில்லை. வழவழவென்று ஒரே தரை. இடதும் வலதும் ஒன்று. தடி எதிலும் படவில்லை. முன்பு ஒரு சந்துதான் வெட்டவெளி, இப்போது தெரு முழுக்கச் சந்து. நாலு எட்டு வைத்திருப்பேன், "மாமா வர்றாரு, மணி அடிங்கடா!" என்று ஒரு குரல். முன்னால் ஒரு மணி. பின்னால் ஒரு மணி. வலப்பக்கம் இரண்டு. எதிரில் வருகிறது, கடந்து போகிறது, திரும்பி வருகிறது. எல்லாம் நகர்கிற மணி. உன் சட்டப்படி நான் நின்றேன். நான் நிற்பதைப் பார்த்து, எனக்குக் கேட்கவில்லை போல என்று இன்னும் பலமாக அடித்தார்கள். நானும் இன்னும் இறுக்கமாக நின்றேன். கொஞ்சம் ஒதுங்கலாம் என்று கால் வைத்தால் காலடியில் மொரமொரவென்று நொறுங்கியது. யாரோ மோர்மிளகாய் காயப்போட்டிருக்கிறார்கள். சுத்தமான சிமென்ட் தரையைக் கண்டால் நம் பெண்களுக்குக் கை சும்மா இருக்குமா? "பரவால்லீங்கண்ணா, மிதிச்சுக்குங்க, மிதிச்சுக்குங்க" என்றது ஒரு குரல். அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நான் கத்திவிட்டேன். "மச்சான்!" என்று உன்னைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன், அத்தனை பேர் நடுவில், வெட்கமில்லாமல். எல்லா மணியும் நின்றுபோனது. யாரோ என் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அன்றிலிருந்து மேசைக்குப் போகவில்லை. சரசு விடிவதற்குள் மில்லுக்குப் போகவேண்டும், பஸ் ஸ்டாப்பில் ஜனம் வருவதோ அதற்கப்புறம்தான். எவனாவது தினமும் கைப்பிடித்துக் கூட்டிப்போவான் என்று காத்திருந்தால் அவன் வருகிற நேரம்தான் என் நேரம், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கும் லீவு. இரண்டு நாள் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரோ வருவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். லாட்டரி ஏஜெண்ட் சொல்லி அனுப்பிவிட்டார், இந்த மாதக் கடைசிக்குள் நான் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்காருவான் என்று. அந்த மேசை போனால் நான் இந்தப் படியிலேயே உட்கார்ந்து செத்துப்போவேன், மச்சான். சரசு இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எழுதுடி" என்றேன். அழுதுகொண்டே எழுதுகிறாள்.

ஓவர்சியரிடம் ஒரே ஒரு யோசனை சொன்னேன். உன் கடை இருந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டு இந்த மணியை மாட்டுங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. "மாட்டலாம் சேட்டா. ஆனா அடிக்க ஆளு வேணுமே?" என்றார். நான் கேட்டது கம்பம் இல்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

அவர்தான் பாவம், இந்த மஞ்சள் வில்லைகளை ஏற்பாடு செய்தார். புள்ளி புள்ளியாக இருக்கும், காலால் தடவிக்கொண்டே போகலாமாம். நேற்றுச் சரசு உன் மணியை என் தடியின் கைப்பிடியில் கட்டிக்கொடுத்தாள். இன்று மத்தியானம், பசை காய்ந்ததும், மணியை அடித்துக்கொண்டே தனியாக இறங்கினேன். புள்ளி காலுக்குத் தெரிந்தது. நம்பினேன். கொஞ்ச தூரத்தில் புள்ளிமேல் ஒரு ஸ்கூட்டர். சுற்றிக்கொண்டு மறுபடி புள்ளியைப் பிடித்தேன். கொஞ்ச தூரத்தில் நெஞ்சு நேராகக் கரண்ட் கம்பத்தில் போய் மோதியது. குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். வில்லை கம்பத்தின் அடி வரைக்கும் போய் அங்கேயே முடிகிறது.

கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மல்லி வாசமும் இல்லை, பாய்லர் சூடும் இல்லை, உன் கடை எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. தடியிலிருந்த மணியை அடித்தேன். விடாமல் அடித்தேன். சைக்கிள்கள் மரியாதையாக ஒதுங்கிப் போயின. ஸ்கூட்டர்கூட ஒதுங்கியது. தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது, என் ஒருவனைத் தவிர.

உன் மணி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, மச்சான். சத்தம்கூட மாறவில்லை. ஆனால் நான் எங்கே நின்றாலும் அது என் கையோடு அங்கேயேதான் அடிக்கிறது, எதிரில் நின்று கூப்பிடுவதில்லை.