நான்தான், துவான்

என்னங்க,

போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

"யாருக்கும் தெரியாது, விடு லா" என்றீர்கள். விடவில்லை.

மைத்துனனைத் "தோலை உரிச்சிடுவேன்" என்று கத்தியதற்காகக் கூண்டில் நின்றாளே காப்பார் ஊர்க்காரி ஒருத்தி, நேற்று அவள் பேச்சை மலாயில் மொழிபெயர்த்தபோது 'உயிரோடு' என்ற சொல்லை நானாகச் சேர்த்துவிட்டேன். திட்டு, கொலைமிரட்டலாகிவிட்டது. இன்று காலை கிள்ளான் நீதிமன்றத்தில் எழுந்து அதைச் சொன்னேன்.

மாஜிஸ்திரேட் துவான் கண்ணாடியைக் கழற்றினார். "யார் செய்த தவறு?"

புனிதவதி அக்காவை ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருடம் அங்கே மொழிபெயர்த்தவர். ஒரு சொல் பிசகினாலும் தானே எழுந்து, "நான்தான், துவான்" என்பார். பின்வரிசையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவர் இறந்தபோது பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டு வாசல் வரை போய், உள்ளே நுழைய முகமில்லாமல் திரும்பினேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை.

இன்று நானும் அதையேதான் சொன்னேன், அவரைப்போலவே தலை நிமிர்ந்து. "நான்தான், துவான்."

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

மதியம் அந்தப் பெண்ணை விடுவித்தார்கள். வாசலில் மைத்துனனைப் பார்த்ததும் மறுபடி கத்தினாள்: "தோலை உரிச்சிடுவேன்!"

'உயிரோடு' என்று சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
தப்பாகச் சொன்னவள், திருத்தியும் சொன்னவள்