உம்முடையவை அல்லாத கட்டுரைகள்

போன வாரம் கல்லூரியின் ஆராய்ச்சி அறிக்கையை வாங்க உம்முடைய விலங்கியல் துறைக்குப் போனேன். வாசலிலேயே ஃபார்மலின் வாடை. உம் சட்டையில் எப்போதும் இருந்த வாடைதான். டவுண் பஸ்ஸில் உமக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் எங்கள் நாளிதழின் செய்தி அறைக்கும் அந்த வாடையோடு வந்தீர். உம் கட்டுரைகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள், கல்லூரியில் நீர்தான் முதலிடம் என்று அன்று நான் எழுதிய செய்தி வெளியாகியிருந்தது. நிர்வாகம் கொடுத்த குறிப்பை அப்படியே நம்பியிருந்தேன். கட்டுரைப் பட்டியலை என் மேசையில் போட்டீர். பாதிக்கு மேல் சிவப்புக் கோடு.

“என்ன வே, சர்க்கரை நோய்க்கு நான் எப்ப மருந்து கண்டுபிடிச்சேன்? மணிமுத்தாறு வாய்க்கால் நத்தையத் தவிர எதையாவது தொட்டிருக்கனா?”

அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்ட ஒரு டாக்டரின் கட்டுரைகளை, ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கும் இணையதளம் உம் பெயரில் சேர்த்துவிட்டது. கல்லூரி அந்த எண்ணிக்கையைத் தர மதிப்பீட்டுக்கு அனுப்ப இருந்தது. நீர் வாய் திறக்காவிட்டால் துறைத் தலைவர் பதவி உமக்குத்தான்.

“விடும்வே, யாரு பாக்கப் போறா?” என்றேன்.

“அந்த டாக்டரு பாப்பாருல்லா? பாடுபட்டது அவரு. மரியாதையா திருத்தம் போடும்.”

போட்டேன். கல்லூரி எண்ணிக்கையைக் குறைத்து அனுப்ப வேண்டியதாயிற்று. பதவி வேறொருவருக்குப் போனது. ஆசிரியர் அறையில் பலர் உம்மோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

“நத்தையும்தான் பேசாது. எனக்குப் பழக்கந்தான் வே” என்று சிரித்தீர். கொஞ்சம் வலித்திருக்கும். நான் கேட்கவில்லை.

உமக்கான இரங்கல் செய்தியும் என் கைக்கே வந்தது. கல்லூரி அனுப்பிய குறிப்பில் அந்தப் பழைய பெரிய எண்ணிக்கை மறுபடி இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் இருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன்.

“இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி. போனவருக்குப் பெருமைதான?”

“அவரு இருந்தா நம்ம ரெண்டு பேரையும் விட்டிருக்க மாட்டாருவே.”

எண்ணிக்கையை நீக்கிவிட்டு, உம்முடைய கட்டுரைகளைத் தேடி எடுத்தேன். இத்தனை ஆண்டு நட்பில் அவற்றில் ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை. முதல் கட்டுரையை முழுதாக வாசித்தேன். வாய்க்காலில் தண்ணீர் நின்றபின் நத்தைகள் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு சேற்றுக்குள் உயிரோடு கிடப்பதைப் பற்றியது. இரங்கல் செய்தியில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதினேன்.

இப்போதெல்லாம் வற்றிய வாய்க்காலைக் கடக்கும்போது நின்று பார்க்கிறேன். அடியில் அவை இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும்.